வளையத்துக்குள் சரியாகப் போகிற கை

கண்ணு,

நீ கீழே பட்டறையில் பம்பைத் தொட்டியில் இறக்கி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அந்தச் சத்தம் மாடி வரைக்கும் கேட்கிறது. படியிறங்கி வந்து நேரில் சொல்ல வேண்டியதைத்தான் இந்தக் காகிதத்தில் எழுதுகிறேன். நேரில் சொல்லியும் பார்த்துவிட்டேன். என் குரல் இப்போதெல்லாம் தொண்டையைத் தாண்டி வர அடம் பிடிக்கிறது. "என்னங்கப்பா?" என்று நீ குனிந்து காதைக் கொடுப்பாய், நான் மறுபடி சொல்ல ஆரம்பிப்பதற்குள் உனக்குப் போன் வந்துவிடும். போனை வைத்துவிட்டு, மொட்டை மாடியில் எனக்காக நீ செய்து நிறுத்திய இரும்பு வளையத்தைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்பாய்: "இன்னைக்கு வளையத்துல ஆடுனீங்களா?" ஆடினேன் என்றால் சிரிப்பாய், இல்லை என்றால் முகம் சுண்டிப்போகும். அதோடு பேச்சு முடிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தும் முன்போல இல்லை. வரி போகப் போகச் சிறுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். போனில் படம் பிடித்துப் பெரிசாக்கிப் படித்துக்கொள். நான் கோல்ஃப் கோலை வீசுகிற ஸ்விங்கை அப்படித்தானே பார்க்கிறாய், இதையும் பார்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமைக்குள் அந்த ஜெர்மன் பம்ப் கம்பெனிக்கு நீ பதில் சொல்லியாக வேண்டும். வரவில்லை என்று எழுதப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். "அப்பா கை மொதல்ல சரியாவட்டும், ஜெர்மனி எங்கீம் ஓடிப்போயிடாது" என்று அவளிடம் சொன்னாயாம். ஜெர்மனி ஓடாது, ஒத்துக்கொள்கிறேன். உன்னை இரண்டு வருஷ வேலைக்குக் கூப்பிட்டவர்கள் வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். என் கை சரியாகிற வரைக்கும் நீ காத்திருப்பது என்றால் உனக்கும் என் வயசாகிவிடும். எனக்குக் கோபமாக வருகிறது, உன் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய. ஆனால் கோபப்பட்டு மேஜையைத் தட்டினால்கூடச் சத்தம் வராத நிலைமையில் இருக்கிறேன். ஆகவே பொறுமையாக, முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் கோல்ஃப் ஆடப் போன கதையை நீ எத்தனையோ தரம் கேட்டிருப்பாய். இன்னொரு தரம் கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. ஊருக்கு வெளியே, பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று தடுப்பே இல்லாமல் வந்து மோதுகிற அந்த மைதானத்தில், புல்லுக்குத் தண்ணீர் விடுகிற பம்ப் நம்முடையது. ஒரு நாள் தண்ணீர் இழுக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். உள்ளே காற்றுப் பிடித்திருந்தது. தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டு, காற்று வெளியேறட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கிளப் செயலாளர் ஒரு கோலை நீட்டி, "சும்மா நிக்கறதுக்கு ஒண்ணு அடிச்சுப் பாருங்க" என்றார். அடித்தேன். பந்து நேராகப் பம்ப் ரூம் கூரைக்குப் போய் ஓட்டை போட்டது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் பந்தில் கோல் பட்ட அந்த நொடி கையில் ஏறிய சுகம் வீடு வரைக்கும் இறங்கவே இல்லை. அடுத்த வாரமே பழைய கோல் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். "பம்ப் ரிப்பேருக்குப் போன மனுசன் குச்சியோட வந்து நிக்கறாரு பாரு, சாமி" என்று அம்மா உன்னிடம் சொன்னது உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. நீ கல்லூரிக்குப் போன பிறகு என்னோடு வர ஆரம்பித்தாய். ஒரே வருஷத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாய். அதிலிருந்து நீ வாத்தியார், நான் மக்குப் பையன்.

வாத்தியாராக நீ நல்ல வாத்தியார். என் கோளாறு என்ன என்று மற்றவர்கள் சொன்னதெல்லாம் எனக்குப் புரியவில்லை, நீ சொன்னதுதான் புரிந்தது. "அப்பா, பந்துல இருந்து உங்க தோள் வரைக்கும் ஒரு கண்ணாடிப் பலகை சாஞ்சு நிக்குதுன்னு வெச்சுக்குங்க. கோலைப் பின்னால கொண்டுபோறப்ப அந்தப் பலகை மேலயே வழுக்கிப் போகோணும், அதே வழியில வரோணும். நீங்க பலகைக்கு அடியில பூந்து போறீங்க, மேல போனதும் கண்ணாடிய ஒடைச்சுட்டு வெளிய வர்றீங்க." உண்மை. என் கோல் ஆரம்பத்திலேயே இடுப்பைச் சுற்றிப் பின்னால் ஒளிந்துகொள்ளும், பிறகு திடீரென்று நினைவு வந்தாற்போல் மேலே தூக்கும். உச்சிக்குப் போனதும் இடது மணிக்கட்டு வாட்ச் கட்டுகிற இடத்தில் பின்பக்கமாக மடியும். அது மடிந்தால் கோலின் முகம் வெளிப்பக்கமாகத் திறந்துகொள்ளும், அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து, மிச்ச வேலையைக் காற்று பார்த்துக்கொள்ள, முள்ளுக் காட்டுக்குள் போய் விழும். அங்கே மேய்கிற மயில்களுக்கு என்னை நன்றாகத் தெரியும்.

நீ விடவில்லை. பட்டறையிலிருந்து சின்ன இரும்பு ஸ்கேலைக் கொண்டுவந்து, புறங்கையோடு ஒட்டிப் படுக்கிற மாதிரி என் வாட்ச் பட்டைக்குள் செருகினாய். மணிக்கட்டு பின்னால் மடிந்தால் ஸ்கேல் கையில் குத்தும். அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டு, அது விழாமல் ஆடச் சொன்னாய். உச்சியில் வலது கை, சர்வர் தட்டு ஏந்துகிற மாதிரி இருக்க வேண்டும் என்றாய். கையில் ஸ்கேல், அக்குளில் துண்டு, ஏந்திய தட்டு என்று மொட்டை மாடியில் நின்றிருந்த என்னைப் பார்த்து அம்மா, "ஏனுங்க, ஆஸ்பத்திரியில இருந்து வந்தீங்களா, ஓட்டல்ல இருந்து வந்தீங்களா?" என்று கேட்டாள். நாம் மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு அப்போது முகம் இருந்தது.

அதற்கப்புறம்தான் வளையம். நம் வீட்டுக்கே உரிய வியாதி அது. எந்தக் கோணலுக்கும், வழி தவறாமல் பிடித்துக்கொள்கிற ஒரு ஜிக் செய்தால் சரியாகிவிடும் என்பது நம் நம்பிக்கை. துளை தள்ளிப் போகிறதா, ஜிக் செய். ஷாஃப்ட் ஆடுகிறதா, அடியில் தகடு வை. நீயும் இரும்புப் பைப்பை மெஷினில் கொடுத்து, ஆள் உள்ளே நிற்கிற அளவுக்குப் பெரிய வட்டமாக வளைத்து, பற்றவைத்து, என் தோள் உயரத்துக்குச் சாய்வு பார்த்துக் கால் கொடுத்து, நம் பம்புக்கு அடிக்கிற பச்சைப் பெயின்டையே அதற்கும் அடித்து, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போல்ட் போட்டு நிறுத்தினாய். கோலை அந்தப் பைப்பின் மேல் சாய்த்து வழுக்கிக்கொண்டு போனால் வழி தவறவே முடியாது. உள்ளே நின்று ஆடினேன். கை போன வழி எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மணிக்கட்டு தட்டையாக நின்றது, ஸ்கேல் குத்தவில்லை. "அவ்வளவுதானுங்கப்பா, இதையே வெளிய ஆடுங்க" என்றாய். வெளியே வந்தேன். பழைய கோணல் அப்படியே காத்துக்கொண்டிருந்தது. திரும்பவும் உள்ளே போனால் சரி, வெளியே வந்தால் கோணல். மாதக்கணக்கில் அப்படியே போனது. நடுவில் அம்மா அந்த வளையத்தில் போர்வை காயப்போட ஆரம்பித்துவிட்டாள்.

கோளாறு முன்னைவிட அதிகமானதை முதலில் கவனித்தவன் நீ. நான் தோள்பட்டை வலி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிஸியோதெரபிக்குப் போனேன், தோள் இறுகிப்போயிருக்கிறது என்றார்கள். நீ போனில் என்னை வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு வீடியோவில் நான் அடித்து முடித்துவிட்டுப் பந்து வைக்கிற குச்சியைப் பொறுக்கிக்கொண்டு நடக்கிறேன். வலது கை வீசுகிறது, இடது கை உடம்போடு ஒட்டி அப்படியே தொங்குகிறது. அதை நீ முன்னும் பின்னுமாக ஓட்டினாய். "அப்பா, இது கோல்ஃப் கோளாறு இல்லைங்க" என்றாய். நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் அந்த வீடியோவைக் காட்டியதும் நீதான். அவர் என் இடது மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக மடக்கி நீட்டினார். அது ஒழுங்காக வராமல் விட்டு விட்டு, தடங்கித் தடங்கி வந்தது. "பாருங்க, பல்சக்கரம் மாதிரி நகருது. இது பார்க்கின்சன்ஸோட ஆரம்பம்" என்றார். லேத்தில் பல்சக்கரம் மாற்றி மாற்றியே கை காய்த்துப்போனவன் நான். என் மணிக்கட்டுக்குள்ளேயே ஒன்று உட்கார்ந்திருக்கும் என்று எங்கே நினைத்தேன். கை நடுங்காததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்றைக்கு நீ கதவோரம் நின்று கேட்ட கேள்வி என் காதை விட்டுப் போகவில்லை. "டாக்டர், இதை அலைன்மென்ட் பண்ணவே முடியாதுங்களா?" அவர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. "மாத்திரை இருக்குது, உடற்பயிற்சி இருக்குது, நெம்ப நாள் நல்லா வெச்சுக்கலாம். பழையபடி திருப்பறதுதான் முடியாது" என்றார். காரில் வீட்டுக்குத் திரும்பினோம். சிங்காநல்லூர் தாண்டும்போது, "உடற்பயிற்சி இருக்குதுன்னு சொன்னாருங்கல்ல" என்று மட்டும் சொன்னாய். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாய். அடுத்த நாள் காலையில் வளையத்தின் சாய்வை மாற்றி, ஸ்கேலுக்கு ரப்பர் ஒட்டி, தினமும் காலை மாலை என்று எனக்கு நேரம் போட்டுக் கொடுத்தாய்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை, கண்ணு. இப்படி வளர்த்ததும் நான்தானே. முடியாது என்கிறவன் பட்டறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே உன்னை ஆளாக்கினேன். ஆனால் காரமடைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோமே, அதை நினைத்துப் பார். போர்வெல்லில் இறக்கிய பம்ப் திரும்பத் திரும்ப அதிர்ந்து நின்றுபோனது. பேரிங் மாற்றினோம், ஷாஃப்ட் மாற்றினோம், கடைசியில் மோட்டாரையே மாற்றினோம். அப்புறம்தான் தெரிந்தது, கோளாறு பம்பில் இல்லை, பூமிக்குள் போட்ட துளையே கோணல். பம்ப் உள்ளே சாய்ந்து இடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. நீ ஒத்துக்கொள்ளவில்லை. மேட்டுப்பாளையம் ரோடு முழுக்க உர்ரென்று வந்தாய். கடைசியில் என்ன செய்தோம்? துளையை நிமிர்த்தவில்லை. அந்தக் கோணலுக்குள் இடிக்காமல் தொங்குகிற மாதிரி சின்ன பம்ப் ஒன்றை இறக்கினோம். தண்ணீர் முன்னைவிடக் கொஞ்சம்தான் வந்தது, ஆனால் வந்தது. தோட்டக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். நீ அதைக்கூடக் குடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் உன்னை ஏமாற்றவும் செய்தேன், வேண்டுமென்று இல்லை. அன்று மைதானத்துக்குக் கிளம்பும் முன் போட்ட மாத்திரை சரியான நேரத்தில் வேலை செய்ய ஆரம்பித்தது. கை இலவம்பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. கோல் கண்ணாடிப் பலகை மேலேயே வழுக்கிப் போனது. பந்து நேராகப் போய், பல வருஷமாகப் போகாத இடத்தில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. நீ ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாய். "பாத்தீங்களாப்பா, வளையம் வேலை செய்யுது, சொன்னேனுங்கல்ல" என்றாய். மாத்திரை என்று சொல்ல வாயெடுத்தேன், உன் சந்தோஷத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். வெயில் ஏற ஏற மாத்திரையின் வேகம் இறங்கியது, கை பழையபடி கெட்டியாகிவிட்டது. அப்புறம் அடித்ததெல்லாம் மயில்களுக்குத்தான். நீ போனை வைத்துக்கொண்டு, எந்த அடியில் மணிக்கட்டு மடிய ஆரம்பித்தது என்று தேடிக்கொண்டே இருந்தாய். எனக்கு அழவேண்டும் போல் இருந்தது. அதுவும் வரவில்லை.

இனிதான் நான் சொல்ல வந்தது. ஜெர்மனிச் செய்தியை நீ சொன்ன அன்று சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அரிசிம்பருப்பு சாதம், அம்மா நெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். "அப்பா, அவுங்க என்னையக் கூப்பிட்டிருக்காங்க, ரெண்டு வருசம்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். நான் "நல்லது, போயிட்டு வா" என்றேன். "உங்களுக்குப் புடிக்கலைங்களா?" என்றாய். "அதெல்லாம் இல்லை" என்றேன். நீ இரண்டாம் தரம் சோறு வாங்காமல் எழுந்து கை கழுவினாய். கொஞ்ச நேரத்தில் மொட்டை மாடியில் நீ வளையத்தின் போல்ட்டை முடுக்குகிற சத்தம் கேட்டது. மறுநாளே அவர்களிடம் அவகாசம் கேட்டு எழுதினாய். நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவே இல்லை. நல்லது என்றுதானே சொன்னேன் என்று அம்மாவிடம் கேட்டேன். "வாயில நல்லதுன்னீங்க. மூஞ்சி எழவு ஊட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருந்துச்சு. பையன் எதை நம்புவான்?" என்றாள்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. போன ஞாயிறு மாதா கோயில் பூசையில் ஒன்று நடந்தது. பங்குச் சாமியார் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொன்னதும் எல்லாரும் திரும்பிக் கைகூப்பிச் சிரிப்பார்களே, அப்போது நம் பின் பெஞ்சில் உட்காருகிற பழைய நண்பர், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கூப்பினேன், சிரித்தேன். சிரித்தேன் என்றுதான் நினைத்தேன். வெளியே வந்ததும் அவர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணனுக்கு எம் மேல ஏதாச்சும் வருத்தமுங்களா? சமாதானம் சொல்றப்பக்கூட மொறைச்சுப் பாத்தாருங்க" என்று கேட்டிருக்கிறார். கோயிலில் வைத்து இப்படி ஒரு பெயர். இந்த வாரம் டாக்டரிடம் போனபோது, நீ மருந்துக் கடையில் நின்றிருந்த நேரத்தில், அம்மா இதை அவரிடம் சொன்னாள். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "கைக்கு ஆனதுதான் மூஞ்சிக்கும் ஆகுதுங்க. தசை இறுகிப்போச்சு. உள்ள சிரிப்பாரு, வெளிய தெரியாது. ஊட்டுல இருக்கறவங்க இதைத் தெரிஞ்சுக்கோணும்" என்றார்.

அன்று சாயங்காலம் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன். நினைத்து இழுத்தால் உதடு நகர்கிறது. தானாக வருவதில்லை. இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்திருந்தது போல. அம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, பல்லு வலிங்களா?" என்றாள். அதற்குக்கூட உள்ளே வயிறு குலுங்கச் சிரித்தேன். கண்ணாடியில் இருந்தவன் அசையவில்லை. அவன் யாரோ, என்னைப் பிடிக்காதவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். கோலைக் கொண்டுபோகிற வழியைக் காட்ட வளையம் செய்தாய். இதற்கு நீ என்ன ஜிக் செய்வாய், கண்ணு? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். முகம் செய்யாத வேலையை இது செய்யட்டும் என்று பார்க்கிறேன்.

ஆகவே எழுத்திலேயே வைத்துக்கொள். நீ ஜெர்மனி என்று சொன்ன அந்த நொடி எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாம் செய்கிற பம்பைப் போய் அவர்களிடம் காட்டுவான், அவர்கள் செய்கிறதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் குறை சொல்வான் என்று என்னென்னவோ ஓடியது. எழுந்து வந்து உன் தலையைப் பிடித்து ஆட்டியிருக்க வேண்டும். பழைய நான் அப்படித்தான் செய்திருப்பேன். இந்தப் புதியவன் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பொய் சொல்லவும் மாட்டேன். அந்தச் சந்தோஷத்துக்குக் கீழே பயமும் இருந்தது. நீ போய்விட்டால் சனிக்கிழமை யார் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள், நீ திரும்பி வரும்போது இந்தக் கை எந்த நிலையில் இருக்கும், உன் பெயரைச் சொன்னால் உனக்குக் கேட்கிற மாதிரி குரல் இருக்குமா என்றெல்லாம் பயம். போ என்று எழுதுகிற அதே கை, போகாதே என்று எழுதிவிடுமோ என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். அந்தப் பயத்துக்காக நீ இங்கே இருந்தால் எனக்கு அது தீருமா? தீராது. நீ மொட்டை மாடியில் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருப்பாய், நான் கீழே பயந்துகொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

போகிற இடத்தில் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள். ஆட்களை மெதுவாக ஓட்டிப் பார்க்காதே. ஒரு மனுஷன் எதிரில் நின்றால் எது கோணலாக இருக்கிறது என்று உன் கண் உடனே கண்டுபிடித்துவிடும். அது என் கண், உனக்கு நான் கொடுத்தது. பம்புக்கு அந்தக் கண் நல்லது. நாளைக்கு உன் வாழ்க்கைக்கு ஒருத்தி வருவாள், அவளிடமும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்விடாதே. அம்மா என்னோடு இத்தனை வருஷம் இருந்ததே, என்னைத் திருத்த முடியாது என்று கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்டதால்தான். வளையத்தைப் பார்த்ததும் இதில் போர்வை நன்றாகக் காயும் என்று தோன்றியது அவளுக்கு. பட்டறையைப் பற்றிக் கவலைப்படாதே. அம்மாவும் ஃபோர்மேனும் பார்த்துக்கொள்வார்கள், நான் நாற்காலியில் உட்கார்ந்து அவர்களைத் தொந்தரவு செய்வேன்.

வளையத்தைக் கழற்றாதே. நீ கழற்றிவிடுவாயோ என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தினமும் காலையில் போர்வையை எடுத்துவிட்டு உள்ளே போய் நிற்கிறேன். சரியாகிவிடும் என்று இல்லை. உள்ளே நிற்கும்போது கோலைப் பைப் தாங்கிக்கொள்கிறது, எங்கே போக வேண்டும் என்று நான் யோசிக்க வேண்டியதில்லை, கை தானாகப் போய்த் தானாக வருகிறது. கொஞ்ச நேரம் எல்லாம் பழையபடி இருக்கிற மாதிரி இருக்கும். அது நீ செய்தது. அதற்குள் நிற்கும்போது நீ பக்கத்தில் நிற்கிற மாதிரிதான். வெளியே வந்ததும் கோணிக்கொள்ளும், கொள்ளட்டும். டாக்டர் சொன்ன பயிற்சியையும் விடமாட்டேன், மாத்திரையையும் விடமாட்டேன், அதற்கு அம்மா இருக்கிறாள். வீடியோ அனுப்பச் சொல்வாய். அம்மா எடுத்து அனுப்புவாள். அவள் எடுத்தால் கையும் தெரியாது, கோலும் தெரியாது, தொட்டியும் வானமும் என் பாதி மண்டையும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு நீ ஒன்றும் திருத்த முடியாது.

போன சனிக்கிழமை கடைசிக் குழிக்கு முன்னால் நீ அடித்த அடியைச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. எதிர்க்காற்று, கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. உன் கோல் பின்னால் போன வழியை நான் பார்த்தேன், கண்ணாடிப் பலகையில் ஒரு கீறல் விழவில்லை. பந்து தாழ்வாகக் காற்றைத் துளைத்துக்கொண்டு போய்க் கொடிக்குப் பக்கத்தில் இறங்கி நின்றது. நீ உடனே திரும்பி என்னைப் பார்த்தாய். சின்னதில் கோலைப் பிடித்தவர்கள்கூட அப்படி ஒரு அடியை எப்போதாவதுதான் அடிப்பார்கள். நீ என் முகத்தில் எதையோ தேடினாய், கிடைக்கவில்லை, கண்ணைத் தாழ்த்தி என் மணிக்கட்டைப் பார்க்க ஆரம்பித்தாய். "அப்பா, இப்ப நீங்க அடிங்க, கையை மடக்காதீங்க" என்றாய். அப்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன், கண்ணு. காது வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமைக்குள், வருகிறேன் என்று அவர்களுக்கு எழுதிவிடு. விமான நிலையத்துக்கு நானும் வருவேன், அம்மா வேண்டாம் என்பாள், வருவேன். உள்ளே போனதும் நீ ஒரு தரம் திரும்பிப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். என் முகம் சுவர் மாதிரி இருக்கும், அதை நம்பாதே. நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். வலது கையில் அம்மா தொங்கிக்கொண்டிருப்பாள், அதனால் இடது கையைத்தான் தூக்குவேன். அது மெதுவாகத்தான் மேலே வரும், மணிக்கட்டு பின்னால் மடிந்துதான் இருக்கும். அதைத் திருத்தாமல் போயிட்டு வா, கண்ணு.

உன் அப்பா